பந்தைத்தான் எடுத்தாள்

அந்தப் பெண்ணின் கால் முறிந்தபோது நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம். இதை வேறு எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மைசூர் ஹெப்பாளில் எங்கள் வீட்டு முன்னறையில் அன்று மாலை நிற்கக்கூட இடமில்லை. தெருவே வந்திருந்தது. அண்டை நாடுகளின் பெண்கள் அணிகள் ஆடும் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தியாவும் நேபாளமும். நீலச் சட்டையில், பின்வரிசையில், என் அக்கா. நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. நேபாள அணியின் இடது ஓரத்தில் ஆடிய மெலிந்த பெண் இருவரைத் தாண்டி எங்கள் கோலை நோக்கி ஓடி வந்தாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் அக்கா மட்டும்தான். அக்கா புல்லில் சறுக்கிக் காலை நீட்டினாள். பந்து தெறித்து வெளியே போனது. அறையே எழுந்து ஆர்ப்பரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, “ஏன் டாக்கிள்! சூப்பர், அல்வா?” என்று கன்னடத்தில் கத்தினார். என்ன ஒரு டாக்கிள், சூப்பர் இல்லையா என்று. கை தட்டுவதை முதலில் நிறுத்தியது அம்மாதான். திரையில் அக்கா இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் அந்தப் பெண் கிடந்தாள். அவளுடைய முழங்காலுக்குக் கீழே கால் போகக் கூடாத திசையில் போயிருந்தது.

நடுவர் விசில்கூட ஊதவில்லை. அது ஃபௌல் அல்ல. பின்னர் எத்தனையோ முறை அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அக்காவின் பாதம் பந்தில்தான் பட்டது. பந்து போன பிறகு, ஓடி வந்த வேகத்தில், அந்தப் பெண்ணின் கால் அக்காவின் காலுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. யார் மீதும் குற்றமில்லை. இந்தச் சொற்களை அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் வீட்டில் நாங்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அப்பா ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தார். தொழிற்சாலை மதிலை ஒட்டியிருந்த வெற்று நிலத்தில் ஷிஃப்ட் முடிந்த இளைஞர்கள் பந்து ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்ட பாவாடையோடு அங்கே போய் நின்றவள் அக்கா. ஒருநாள் ஆள் குறைந்தபோது அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு விளையாட்டு விடுதி, மாநில அணி, தேசிய முகாம் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். அப்பா அந்த நீலச் சட்டையைப் பார்க்காமலே இறந்துபோனார். நான் நர்சிங் படித்து, மைசூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா முன்பு அதே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். வீட்டில் மூன்று பெண்கள். அக்கா முகாமிலிருந்து வரும் நாட்கள்தான் எங்களுக்குப் பண்டிகை.

கோப்பையோடு அவள் ஊர் வந்தபோது மைசூர் ரயில் நிலையத்தில் மேளம் அடித்தார்கள். மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகையை வைத்து, திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். அக்கா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முன் தேசிய கீதத்துக்கு நிற்பதைப் போல விறைப்பாக நின்றாள். பாராட்டுக் கூட்டத்தில் பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். அவள் சறுக்குவது, பந்து தெறிப்பது. அதோடு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். கூடவே ஒரு சினிமாத்தனமான பின்னணி இசை. அக்கா எழுந்து கழிவறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன்க்கா?”

“அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரில இருக்கான்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றாள். பேட்டா நெற்றியை மறைத்திருந்தது. அதைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அணிகள் தங்கியிருந்த ஓட்டலில் யாரோ கொடுத்த இன்ஸ்டாகிராம் கணக்கு. முதலில் வந்த பதில் ஒரே வரி, ஆங்கிலத்தில்: விளையாட்டுதானே, தீதி. அவர்கள் மொழியில் அக்காவுக்கு ‘தீதி’ என்றும் தங்கைக்கு ‘பஹினி’ என்றும் பெயர். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டில் பஹினி ஆனாள். போகப் போக அவளுடைய செய்திகள் நேபாளியில் நீளமாக வரத் தொடங்கின. வலியில் அயல்மொழி வராது போலும். விஜயநகரில் மோமோ கடை வைத்திருந்த நேபாளி ஒருவரிடம் அக்கா போனைக் கொண்டுபோவாள். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படித்துப் படித்துக் கன்னடத்தில் சொல்வார். “நோவு ஜாஸ்தி அந்தெ, அக்கா. நித்தெ இல்ல அந்தெ.” வலி அதிகமாம், தூக்கம் இல்லையாம். கடைக்கு வந்தவர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா ஒரு பிளேட் வாங்கித் தின்னாமலே திரும்புவாள்.

இரண்டு முறை அறுவை செய்தும் எலும்பு சேரவில்லை. ஒருநாள் எக்ஸ்ரே படம் வந்தது. நான் டியூட்டி முடிந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“சேருமா?”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுவையில் பொருத்திய உலோகத் தகட்டைச் சுற்றி எலும்பு அரித்திருந்தது. உள்ளே சீழ் பிடித்திருக்க வேண்டும். “இப்படியே விட்டா சேராது” என்றேன்.

“இங்க கூட்டிட்டு வந்தா?”

நான் எங்கள் டாக்டரிடம் படத்தைக் காட்டினேன். கெட்டுப்போன எலும்பை வெட்டியெடுத்துவிட்டு, காலைச் சுற்றி இரும்பு வளையங்களைப் பொருத்தி, மீதி எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரச் செய்யலாம், ஆனால் ஓர் ஆண்டு பிடிக்கும் என்றார். தனக்குக் கட்டணம் வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வரட்டும். முன்ரூம்ல கட்டில் போட்டுக்கலாம்” என்றாள். அப்படித்தான் பஹினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டு நாளில் வளைகுடா வேலைக்குத் திரும்பிப் போனான். திரையில் பார்த்ததைவிட அவள் சிறியவளாக இருந்தாள். எங்கள் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்க அக்கா கையை நீட்டினாள். பஹினி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்து ஊன்றித் தானே இறங்கினாள்.

அறுவைக்குப் பிறகு வளையங்களில் இருந்த நட்டுகளைக் காலை, மதியம், மாலை, இரவு என்று சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் உள்ளே எலும்பு மயிரிழை அளவு நகரும். எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் அந்த வேலை அக்காவிடம் போனது. அவள் காலையில் மைதானத்தில் பயிற்சி முடித்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சின்ன ஸ்பானரை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்காருவாள். வளையங்களிலிருந்து கம்பிகள் தோலுக்குள் நுழையும் இடங்களைத் துடைப்பாள். பிறகு நட்டு. பஹினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் கழுத்து நரம்பு புடைக்கும். ஒவ்வொரு திருப்பலுக்கும் அக்கா “ஸாரி” என்பாள். தன்னால் வலித்த காலைத் தினமும் தன் கையாலேயே வலிக்க வைக்கும்படி அவளுக்கு வாய்த்தது. அவள் அதை யாரிடமும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பஹினியின் துணியையும் அவளே துவைத்தாள், தலையும் அவளே பின்னிவிட்டாள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது முகாம்களில் கற்ற அரைகுறை இந்திதான். அதில் கொஞ்சம்தான் பேச முடியும். எனக்கும் அவ்வளவு இந்திதான்.

ஒருநாள் மாலை நான் அடுக்களையில் இருந்தபோது முன்னறையில் பஹினி கத்துவது கேட்டது. ஓடிப்போனேன். ஸ்பானர் தரையில் கிடந்தது.

“ஸாரி சொல்லாதே!” என்றாள் பஹினி இந்தியில். மூச்சு வாங்கியது. “தினமும் நாலு தடவை ஸாரி. நீ என்ன தப்பு செஞ்சே? நீ தப்பே செய்யலைன்னு ரெஃப்ரி சொன்னாரு. எங்க கோச்சும் சொன்னாரு. எங்கம்மாகூட வீடியோ பாத்துட்டு, அந்தப் பொண்ணு பந்தைத்தான் எடுத்தான்னு சொன்னாங்க. நீ தப்பு செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். படுத்துக்கிட்டு உன்னைத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன். இப்ப நீ என் துணியத் துவைக்கிறே, எனக்குச் சோறு போடுறே. நான் யாரத் திட்டுறது?”

அக்கா குனிந்து ஸ்பானரை எடுத்து, மறுபடி கையைக் கழுவி வந்து, மீதியிருந்த நட்டுகளைத் திருப்பினாள். அன்று ஸாரி சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பஹினி அன்றிரவுதான் முதல்முறையாக எங்களோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அம்மாவோடுதான் அவளுக்கு எளிதாக இருந்தது. இருவருக்கும் பொது மொழியே இல்லை, அதனாலேயே இருக்கலாம். அம்மாவிடமிருந்து ‘போதும்’, ‘வேணாம்’, ‘இன்னும் கொஞ்சம்’ மூன்றையும் கற்றுக்கொண்டாள். தசரா வந்தபோது ஊர் முழுக்க விளக்கு. பஹினியின் ஊரிலும் அதே நாட்களில்தான் பெரிய பண்டிகை. வீட்டுப் பெரியவர்கள் தயிரில் அரிசியும் குங்குமமும் கலந்து நெற்றியில் அப்பி ஆசீர்வதிப்பார்களாம். அவள் போனில் தன் தாயின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள். பிறந்ததிலிருந்து குங்குமத்தைத் தொட்டறியாத அம்மா, பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து, என்னிடம் “எவ்ளோ அரிசி போடணும்னு அவகிட்டக் கேளு” என்றாள். பஹினியின் நெற்றியில் அதை வைத்துவிட்டு, தலைமேல் கையை வைத்துத் தமிழில் இயேசுவிடம் ஜெபித்தாள். பஹினி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தயிர் மூக்கில் வழிந்தது. அக்கா கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நட்டு திருப்பும் வேலை முடிந்து, எலும்பு கெட்டிப்படக் காத்திருந்த காலத்தில் அடுத்த போட்டிக்கான முகாம் அழைப்பு அக்காவுக்கு வந்தது. போகவில்லை என்றாள். அம்மாவும் நானும் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் பஹினிதான் சொன்னாள்: “போய் ஆடு. நீயும் வீட்ல உக்காந்துட்டா என் காலோட உன் ரெண்டு காலும் போச்சுன்னு ஆயிடும். அந்தக் கணக்கும் என் தலைல வேணாம்.” அக்கா ஷூவை எடுத்து வைத்தாள். புறப்படும்போது பஹினி கட்டிலில் இருந்தபடியே கையை உயர்த்தினாள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு தெருவை நாங்கள் அழைக்கவில்லை. அம்மா, நான், பஹினி மூன்று பேர்தான் டிவி முன்னால். பஹினியின் கால் ஒரு நாற்காலியில், இரும்பு வளையங்களின்மேல் அம்மாவின் பழைய சேலை. அரையிறுதி ஆட்டம், வேறொரு அண்டை நாட்டோடு. முதல் பாதி முழுக்க அக்கா நன்றாகவே ஆடினாள். பந்து உயரத்தில் வந்தால் தலையால் முட்டினாள், சரியான இடத்தில் நின்றாள். இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி பின்வரிசையைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அதே போல. முன்னால் அக்கா மட்டும். பஹினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள்.

“ஜா!” என்று கத்தினாள், போ என்று. “ஜா தீதி! கால் போடு! இப்ப போடு!”

அக்கா போடவில்லை. அவள் உடம்பு சறுக்கத் தாழ்ந்ததை நான் பார்த்தேன். தாழ்ந்து, அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினாள். பயிற்சியாளர் சிறிது நேரத்தில் அக்காவை வெளியே எடுத்தார். அவள் பெஞ்சுக்குப் போகாமல் எல்லைக் கோட்டருகே சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதைக் கேமரா காட்டியது. இந்தியா தோற்றது.

பஹினி சத்தமில்லாமல் அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள். “எனக்கு அந்த டாக்கிள் அவ்ளோ பிடிக்கும்” என்று பஹினி என்னிடம் இந்தியில் சொன்னாள். “என் காலே போனாலும், ஆட்டக்காரியா சொல்றேன், அவ்ளோ அழகா யாரும் எங்கிட்ட இருந்து பந்த எடுத்ததில்ல. அதையும் அவ விட்டுட்டா.”

அக்கா திரும்பி வந்தபோது மேளமில்லை. நான் மட்டும் ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தேன். அதன் பிறகு அவளை அணிக்கு யாரும் அழைக்கவில்லை. பஹினி அவளிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அக்காவும் வழக்கம்போல் கையைக் கழுவி வந்து, கம்பி நுழையும் இடங்களைத் துடைக்க உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் இப்போது சமமாகிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டேன். இழப்பு அப்படிச் சமமாவதில்லை.

வளையங்களைக் கழற்றிய வாரம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து மகிழ்ந்துபோனார். எலும்பு சேர்ந்துவிட்டது. கணுக்கால் மடங்காது, கால் சற்றுக் குட்டை, ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம். பஹினி இந்தியில் கேட்டாள்: “ஓடலாமா?” டாக்டருக்கு இந்தி வராது. அக்காவைப் பார்த்தார். அக்கா ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டர் மென்மையாகத் தலையசைத்து, நடப்பதே பெரிய விஷயம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இப்போது அக்கா அதை இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டும். “நடக்கிறதே...” என்று தொடங்கிவிட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தாள்.

“விடு தீதி” என்றாள் பஹினி. “புரிஞ்சிடுச்சு.” பிறகு தமிழில், அம்மாவிடம் கற்ற சொல்லில், “போதும்” என்றாள்.

அவள் ஊருக்குப் புறப்பட்ட நாளில் பிளாட்பாரத்தில் நாங்கள் நால்வரும் நடந்தோம். அத்தனை மாதமும் அவளோடு நடக்கும்போதெல்லாம் அக்கா தன் நடையைக் குறுக்கிக் குறுக்கி, அவளுக்கு அரை அடி பின்னாலேயே வருவாள். பெட்டி எண்ணைத் தேடிக்கொண்டிருந்த பஹினி நின்றாள். “நீ முன்னால போய் சீட்டப் பிடி” என்றாள். “வேகமா போ. நீ நடக்கிற மாதிரி நட.” அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த நீளமான, உறுதியான, ஆட்டக்காரியின் நடை. பஹினி நின்ற இடத்திலேயே நின்று, அவள் கூட்டத்தில் மறையும்வரை பார்த்தாள். அவள் முகத்தில் அன்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த இரண்டாவதை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ரயில் போன பிறகு அம்மா மட்டும் அழுதாள்.

கொஞ்ச காலம் செய்திகள் வந்தன. அவள் தன் ஊரில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஒரு படம். பிறகு அதுவும் நின்றது. சண்டை ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு நொடி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டால் எவ்வளவு நாள்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்? அக்கா விஜயநகரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாள். கட்டில் இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது. அம்மா பகலில் அதில் படுத்துக்கொள்கிறாள்.

போன மாதம் மறுபடி அந்தப் போட்டி நடந்தது. நம் பெண்களும் நேபாளப் பெண்களும் ஆடிய ஆட்டத்தை வார்டில் ஒரு தோழியின் போனில் பார்த்தேன். இரண்டு பக்கமும் புதிய முகங்கள். அவர்களில் யாருக்கும் இவர்கள் இருவரையும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“மேட்ச் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுக்கா.”

கத்தி கொஞ்சம் நின்றது.

“யாருக்காச்சும் அடி கிடி பட்டுச்சா?”

“இல்லக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை.